விரலுக்கு விலை

ஏகலைவன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். துரோணர் கேட்டார், வேடச் சிறுவன் கத்தியை எடுத்தான், வலது கைக் கட்டைவிரலை அறுத்து ஆசாரியரின் காலடியில் வைத்தான். அன்று முதல் நாம் ஒரு வழக்கை விசாரித்துக் கொண்டே இருக்கிறோம். குரு கேட்டது நியாயமா? சிஷ்யன் கொடுத்தது பக்தியா, பேதைமையா? பக்கத்தில் நின்ற அர்ச்சுனன் ஏன் வாயைத் திறக்கவில்லை? திண்ணையிலும் பட்டிமன்றத்திலும் இந்தக் கேள்விகளைப் பிய்த்து உதறியாகிவிட்டது.

ஆனால், மறுநாள் காலையில் அந்தப் பையன் என்ன செய்தான்? வில்லை நம்பிப் பிழைக்கிற குலம். நாண் இழுக்கிற கையில் விரல் இல்லை. பாரதம் இதற்கும் ஒரு வரியில் பதில் சொல்லித்தான் இருக்கிறது. மிச்சமிருந்த விரல்களால் அவன் அம்பு விட்டுப் பார்த்தானாம்; முன்போல வேகம் இல்லையாம். அவ்வளவுதான். அர்ச்சுனனுடைய கவலை தீர்ந்தது. கதை வேறு பக்கம் போய்விட்டது.

'முன்போல வேகம் இல்லை' என்ற அந்த மூன்று வார்த்தைகளுக்குள் பல லட்சம் குடும்பங்களின் வயிற்றுப்பாடு அடங்கியிருக்கிறது. அதற்கு இன்றைய சட்டம் வைத்திருக்கிற பெயர் 'நிரந்தரப் பகுதி ஊனம்'. ஆள் பிழைத்துக் கொண்டான், வேலையும் செய்வான், ஆனால் முன்போலச் செய்ய மாட்டான். அந்த 'முன்போல' என்பதற்கும் 'இப்போது' என்பதற்கும் இடையே உள்ள பள்ளத்தை எவ்வளவு பணம் போட்டு நிரப்புவது, அந்தப் பணத்தை யார் கொடுப்பது, எவனுக்குக் கொடுப்பது, எவனுக்கு இல்லை என்பது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தேடி மனிதன் நடந்து வந்த பாதை நீளமானது. சில இடங்களில் விசித்திரமானதும்கூட.

கி.பி. 600-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியை எதெல்பெர்ட் என்ற அரசன் ஆண்டு வந்தான். அவன் பெயரால் வழங்கும் சட்டங்களில் மனித உடம்பு முழுவதற்கும் ஒரு விலைப் பட்டியல் இருக்கிறது. கட்டைவிரலை வெட்டியவன் 20 ஷில்லிங் கொடுக்க வேண்டும். கட்டைவிரலின் நகம் மட்டும் போனால் 3 ஷில்லிங். நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 6, சுண்டுவிரலுக்கு 11! நடுவிரலைவிடச் சுண்டுவிரலுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு மதிப்பு வைத்திருந்த அந்த மக்களைப் பற்றி நாம் எதை வேண்டுமானாலும் கற்பனை செய்து கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பட்டியல் உழைப்பாளிக்காக ஏற்பட்டதல்ல. வெட்டுக்கு வெட்டு என்று இரண்டு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பழி தீர்த்துக் கொண்டு அழியாமல் இருப்பதற்காக, வெட்டியவன் வெட்டுப்பட்டவனுக்குக் கட்டுகிற தண்டம் இது. குற்றவாளி இருந்தால்தான் பணம். மரம் விழுந்து கை போனவனுக்கு இதில் ஒரு செப்புக் காசும் கிடையாது.

குற்றவாளி யாரும் இல்லாவிட்டாலும் அடிபட்டவனுக்குப் பணம் உண்டு என்று முன்கூட்டியே எழுதி வைத்தவர்களில் ஒரு கூட்டத்தாரைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அவர்கள் கடற்கொள்ளைக்காரர்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் கரீபியன் கடலில் அந்தக் கூட்டத்தாரோடு சில காலம் வாழ்ந்த எக்ஸ்க்வெமெலின் என்பவர், தாம் கண்டதை 1678-ல் டச்சு மொழியில் புத்தகமாக வெளியிட்டார். கப்பல் புறப்படுவதற்கு முன்னால் அவர்கள் கூடி ஒப்பந்தம் எழுதிக் கொள்வார்களாம். வலது கை போனால் 600 வெள்ளி நாணயம். இடது கைக்கு 500. வலது காலுக்கு 500. இடது காலுக்கு 400. ஒரு கண்ணுக்கு 100. ஒரு விரலுக்கும் 100. கொள்ளைப் பணத்தைப் பங்கு பிரிப்பதற்கு முன்பே இந்தத் தொகைகளை எடுத்து வைத்துவிட வேண்டும். கை எப்படிப் போயிற்று, அவன் ஜாக்கிரதையாக இருந்தானா, எவன் பேரில் தப்பு என்று யாரும் கேட்பதில்லை. போனது கை; கொடு 600. அவ்வளவுதான்.

அடடா, கொள்ளைக்காரர்களிடம் இவ்வளவு தர்மமா என்று வியப்பதற்குள் பட்டியலின் மறு பாதியையும் படித்துவிட வேண்டும். நாணயம் வேண்டாதவன் அதற்குப் பதிலாக அடிமைகளை எடுத்துக் கொள்ளலாம். வலது கைக்கு ஆறு அடிமைகள். ஒரு கண்ணுக்கு ஓர் அடிமை. தன் விரலின் அருமை தெரிந்தவனுக்கு இன்னொரு மனிதனின் முழு உடம்பும் அந்த விரலளவுதான். போதாக்குறைக்கு, அந்த முறை இன்னொரு விதத்திலும் ஓட்டைதான். கொள்ளை கிடைத்தால்தான் பணம். வெறுங்கையோடு திரும்பிய கப்பலில் கையிழந்தவனுக்கு வெறுங்கைகூட மிச்சமில்லை. நிச்சயமான நிதி ஒன்று இல்லாவிட்டால் வாக்குறுதி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை என்பதை அந்தக் கப்பல்களிலேயே பார்த்துவிடலாம்.

கொள்ளைக்காரனுக்குப் புரிந்த விஷயம் கனம் நீதிபதிகளுக்குப் புரிய இன்னும் இருநூறு வருஷம் ஆயிற்று என்பதுதான் சரித்திரத்தின் வேடிக்கை.

இங்கிலாந்தில் யந்திரங்கள் பெருகிய காலம். 1837-ல் லண்டன் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவாயிற்று. இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாள், முதலாளி சொன்னபடி சரக்கு வண்டியில் ஏறிப் போனான். வண்டியில் பாரம் அளவுக்கு மேல். வண்டி உடைந்தது; பையனுடைய தொடை எலும்பும் உடைந்தது. ஜூரிகள் இரக்கப்பட்டு 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். மேலே இருந்த நீதிபதிகள் அதைத் தள்ளிவிட்டார்கள். இப்படி வேலைக்காரர்கள் எல்லாம் எஜமானர்கள் மேல் வழக்குப் போட ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று கோர்ட்டுக்குப் பயம் வந்துவிட்டது. பாரம் அதிகம் என்று தெரிந்தால் ஏற மாட்டேன் என்று வேலையாள் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டார்கள்.

சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்காது. இந்தச் சின்ன விஷயம் சட்டப் புத்தகத்தில் இல்லை.

இந்த மாதிரித் தீர்ப்புகளிலிருந்து மூன்று பூட்டுகள் உண்டாயின. ஆபத்து என்று தெரிந்தே வேலைக்கு வந்தாய், ஆகையால் கேட்காதே என்பது முதல் பூட்டு. உன் சகதொழிலாளியின் தவறால் அடிபட்டாய், ஆகையால் எஜமானரைக் கேட்காதே என்பது இரண்டாவது. உன் கவனக் குறைவும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, ஆகையால் யாரையுமே கேட்காதே என்பது மூன்றாவது. ஆலையில் நடக்கிற விபத்துகளில் இந்த மூன்றில் ஒன்றிலாவது சிக்காத விபத்து எது? பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்தவன் பதின்மூன்றாவது மணியில் கண் அயர்ந்தால் அது அவனுடைய கவனக் குறைவு. அவனைப் பதின்மூன்றாவது மணி நேரம் நிற்க வைத்தது யாருடைய கவனக் குறைவு என்று கேட்க வழியில்லை.

பூட்டை உடைத்தவர் ஒரு புரட்சிக்காரராக இருப்பார் என்று எதிர்பார்ப்போம். உடைத்தவர் பிஸ்மார்க்! ஜெர்மானியப் பேரரசின் இரும்பு மனிதர். சோஷலிஸ்டுகளை அவருக்கு அறவே பிடிக்காது; 1878-ல் அவர்களை ஒடுக்கச் சட்டம் கொண்டு வந்தவர். ஆனால் மனிதர் கெட்டிக்காரர். பசித்தவனை அடக்க லத்தி மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1883-ல் நோய்க் காப்புச் சட்டம், 1884-ல் விபத்துக் காப்புச் சட்டம், 1889-ல் முதுமைக்கும் ஊனத்துக்குமான காப்புச் சட்டம் என்று வரிசையாக மூன்று சட்டங்கள் வந்தன. நோக்கம் என்னவாக இருந்தாலும் காரியம் பெரிய காரியம்.

1884 சட்டத்தின் சூட்சுமம் இதுதான். 'யார் குற்றம்?' என்ற கேள்வியையே அது தூக்கிக் குப்பையில் போட்டது. தொழில் நடந்தால் விபத்தும் நடக்கும். நிலக்கரிச் செலவு, எண்ணெய்ச் செலவு மாதிரி அதுவும் தொழிலின் செலவு. ஆகவே ஒரே தொழில் நடத்தும் முதலாளிகள் எல்லோரும் ஒரு சங்கமாகச் சேர்ந்து நிதி கட்ட வேண்டும். முதல் 13 வாரத்துக்கு நோய் நிதி பார்த்துக் கொள்ளும். அதற்குப் பிறகு சங்க நிதி பொறுப்பேற்கும். முழு ஊனமானால் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இன்னொரு நல்ல விளைவும் ஏற்பட்டது. ஒருவர் ஆலையில் கை போனால் எல்லா முதலாளிகளும் பணம் கட்ட வேண்டியிருந்தது. சக்கரத்துக்கு மூடி போடு, பெல்ட்டுக்குத் தடுப்பு வை என்று அந்தச் சங்கங்களே பாதுகாப்பு விதிகள் எழுதத் தொடங்கின. தர்மோபதேசம் செய்ய முடியாததைக் கணக்குப் புத்தகம் செய்துவிட்டது.

1889 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஆலையில் அடிபட்டுத்தான் ஊனமாக வேண்டும் என்பதில்லை. எந்தக் காரணத்தாலோ உழைக்கும் சக்தியை இழந்தவனுக்கும், ஐந்து வருஷம் சந்தா கட்டியிருந்தால், ஓய்வூதியம் உண்டு. தொழிலாளியும் முதலாளியும் சந்தா கட்ட, அரசாங்கமும் ஒரு பங்கு போட்டது. பிச்சை என்ற வார்த்தை போய், உரிமை என்ற வார்த்தை வந்த இடம் இது. சந்தா கட்டியவன் கையை ஏந்துவதில்லை. கையை நீட்டிக் கேட்கிறான்.

இங்கிலாந்து 1897-ல் தன் மூன்று பூட்டுகளைச் சுற்றிக் கொண்டு போக ஒரு வழி கண்டது. ஜோசப் சேம்பர்லின் முன்னின்று கொண்டு வந்த அந்தத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம், அபாயமான தொழில்களில் குற்றம் யாருடையது என்று பாராமலே முதலாளி பணம் கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் ஜெர்மனியைப் போலப் பொது நிதி இல்லை; ஒவ்வொரு முதலாளியும் தன் தொழிலாளிக்குத் தானே கொடுக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஏனென்றால் அந்த இங்கிலீஷ் வழிதான் கப்பலேறி நம் ஊருக்கு வந்து சேர்ந்தது.

முதல் உலக யுத்தம் முடிகிற சமயம் நம் நாட்டிலும் தொழிலாளர்கள் வாய் திறக்கத் தொடங்கினார்கள். 1918-ல் சென்னையில் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க. போன்றவர்கள் அதற்காக உழைத்தார்கள். 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஏற்பட்டபோது இந்தியாவும் அதில் அங்கம் பெற்றது. இந்தச் சூழ்நிலையில்தான் 1923-ல் இந்தியத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் நிறைவேறி, 1924 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது.

அதன் முதல் அட்டவணையைப் படித்தால், எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். முழங்கையோடு அல்லது அதற்கு மேலே வலது கை போனால், சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 70 நஷ்டம். இடது கை போனால் 60. ஒரு கண்ணுக்கு 30. கட்டைவிரலுக்கு 25. ஆள்காட்டி விரலுக்கு 10. மற்ற விரல் ஒவ்வொன்றுக்கும் 5. கொள்ளைக்காரர்கள் செய்த அதே வலது-இடது வித்தியாசம்! பிற்காலத்தில் இந்த வித்தியாசம் நீங்கியது, விகிதங்களும் உயர்ந்தன. கட்டைவிரல் 30 ஆயிற்று. ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டுவிரலும் 7.

1923-ல் முழு நிரந்தர ஊனத்துக்கு 42 மாதச் சம்பளம், ஆனால் 3,500 ரூபாய்க்கு மேல் போகாது. உயிரே போனால் 30 மாதச் சம்பளம். 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. இறந்தவனைவிட இருப்பவனுக்கு அதிகம் என்பது முதலில் விபரீதமாகத் தோன்றும். யோசித்தால் நியாயம் புரியும். இறந்தவன் சாப்பிடுவதில்லை.

சட்டம் நல்ல சட்டந்தான். ஆனால் இரண்டு குறைகள் இருந்தன. பணம் மொத்தமாக ஒரே தடவையில் வரும். விபத்து நடந்த நாளிலிருந்து வாங்கிய கடன், வைத்தியச் செலவு, மகள் கல்யாணம் எல்லாம் அந்தத் தொகையைக் கண்ணில் காணுமுன் பங்கு போட்டுக் கொள்ளும். ஊனம் மட்டும் ஆயுள் முழுவதும் இருக்கும். இரண்டாவது குறை இன்னும் பெரிது. கொடுக்க வேண்டியவர் யார்? நாளைக்கும் வேலை கொடுக்க வேண்டிய அதே முதலாளி. அவர் மேல் மனுப் போடுவதா, அவர் கொடுப்பதை வாங்கிக் கொண்டு கும்பிடுவதா? 1837-ல் வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்ல முடியாமல் போன பையனுடைய சங்கடம் வேறு உடையில் திரும்பி வந்துவிட்டது.

இதற்குப் பரிகாரம் தேடும் வேலை 1943-ல் பேராசிரியர் பி.பி. அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. யுத்தத்தின் நடுவில், 1944-ல், அவர் தம் அறிக்கையைக் கொடுத்தார். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் ஒரு பொது நிதி வேண்டும். இருவரும் அதில் சந்தா கட்ட வேண்டும். நோய், பிரசவம், வேலையில் ஏற்படும் காயம் எல்லாவற்றுக்கும் அந்த நிதியே பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். சுதந்திரம் வந்ததும் 1948-ல் அது சட்டமாயிற்று. நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்கிறோமே, அதுதான். 1952 பிப்ரவரி 24-ம் தேதி கான்பூரில் ஜவஹர்லால் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கான்பூரிலும் டில்லியிலுமாக ஏறக்குறைய 1,20,000 தொழிலாளர்கள் அன்று அதன் நிழலுக்குள் வந்தார்கள். தமிழ்நாட்டில் 1955-ல் பஞ்சாலைகளின் ஊரான கோயமுத்தூரில் அது கால் வைத்தது.

இ.எஸ்.ஐ. என்றதும் நம்மில் பலருக்கு ஆஸ்பத்திரி வரிசையும் மருந்துச் சீட்டும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. அதற்குள் ஊனத்துக்கான பாதுகாப்பு ஒன்று இருக்கிறது என்பது சந்தா கட்டுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஆகவே அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

சாதாரண நோய்க்குப் பணம் வாங்க வேண்டுமானால், ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா சேர்ந்திருக்க வேண்டும். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு அந்த நிபந்தனையே கிடையாது. இன்று காலையில் வேலைக்குச் சேர்ந்து மத்தியானம் கை நசுங்கினாலும் உரிமை உண்டு. முதலாளி சந்தாவைக் கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் தொழிலாளியின் உரிமை போய்விடாது. அதை முதலாளியிடமிருந்து வசூலிப்பது கார்ப்பொரேஷன் பாடு. விபத்து நடந்த நாளை விட்டுவிட்டு மூன்று நாளுக்குக் குறையாமல் வேலை செய்ய முடியாமல் போனால், குணமாகும் வரையில் தினச் சம்பளத்தில் நூற்றுக்கு 90 வீதம் கிடைக்கும். குணமான பிறகும் ஊனம் நின்றுவிட்டால் மருத்துவக் குழு அதை அளந்து இவ்வளவு சதவீதம் என்று சொல்லும். அந்தச் சதவீதத்துக்கு ஏற்ற தொகை ஆயுள் உள்ளவரை வந்து கொண்டிருக்கும். குழு சொன்னது குறைவு என்று தோன்றினால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. மொத்தமாக வந்து மொத்தமாகப் போகும் பணத்துக்குப் பதிலாக மாதாமாதம் அரிசி வாங்கும் பணம். முதலாளியின் முகத்தைப் பாராமல் வாங்கும் பணம். 1923-ன் இரண்டு குறைகளுக்கும் இதுவே மருந்து.

இதனால் கேள்விகள் தீர்ந்துவிட்டனவா என்றால், இடம் மாறின என்று சொல்ல வேண்டும். 'யார் குற்றம்?' என்று கேட்பதை நிறுத்தியதும் வேறு இரண்டு கேள்விகள் வாசலில் வந்து நின்றன. ஊனத்தை எந்தக் கோலால் அளப்பது? 'வேலையில் ஏற்பட்ட காயம்' என்ற வட்டம் எங்கே முடிகிறது? இரண்டுக்கும் அடிபட்ட சாதாரண மனிதர்களே கோர்ட்டுப் படி ஏறி விடை தேடினார்கள்.

1968-ல் ஒரிஸாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்து கொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி பார்த்தால் ஒரு கை போனது முழு ஊனமாகாது, பகுதி ஊனந்தான். கொட்டகைக்காரர் அதைத்தான் வாதாடினார். சுப்ரீம் கோர்ட்டு 1975-ல் சொன்ன பதில் மிகவும் எளிமையானது: தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது. ஆகவே இந்த மனிதருக்கு இது முழு ஊனம், நூற்றுக்கு நூறு. அதோடு, பணம் கொடுக்க வேண்டிய பொறுப்பு தீர்ப்பு வந்த அன்று பிறப்பதல்ல, விபத்து நடந்த அன்றே பிறந்துவிட்டது என்றும் சொல்லிவிட்டது. ஒரு கை உளியைப் பிடிக்க, மறு கை கொட்டாப்புளியை ஓங்க வேண்டும் என்பது எந்தக் கிராமத்துக் குழந்தைக்கும் தெரியும். அது சட்டமாவதற்கு ஏழு வருஷம் ஆயிற்று.

இந்தத் தீர்ப்பின் சாரத்தை எண்ணிப் பாருங்கள். விரலுக்கு விலை விரலில் இல்லை. அது செய்கிற வேலையில் இருக்கிறது. ஆள்காட்டி விரலின் நுனி போன குமாஸ்தா கையெழுத்துக் கோணலாகிறதே என்று வருத்தப்படுவார். வீணை வித்துவானுக்கு அதே நுனி போனால் அவருடைய கச்சேரிகள் அன்றோடு முடிந்தன. அட்டவணை உடம்பை அளக்கிறது. ஜீவனம் வேறு கோலால் அளக்கப்படுகிறது.

இரண்டாவது கதை கேரளத்தில் நடந்தது. 1971 ஜூன் 26-ம் தேதி மாலை நாலேகால் மணி. நாலரை மணி ஷிப்டுக்கு ஒரு தொழிலாளி சைக்கிளில் போய்க் கொண்டிருந்தார். ஆலைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் பாக்கி. லாரி ஒன்று வந்து மோதியது. காறை எலும்பு முறிந்தது. லாரி அவர் வேலை செய்த ஆலையின் லாரி! இது வேலையில் ஏற்பட்ட காயமா, இல்லையா? கேரள ஹைக்கோர்ட்டு ஆம் என்றது. வழக்கு டில்லிக்குப் போயிற்று. அங்கே முதலில் விசாரித்த இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். கடைசியில் 1996-ல், எலும்பு முறிந்து 25 வருஷங்களுக்குப் பிறகு, மூன்று நீதிபதிகள் முடிவு சொன்னார்கள்: ஆலை வாசலுக்கு வருவதற்கு முன்னால் வேலை தொடங்கவில்லை, ஆகையால் உரிமை இல்லை.

அந்தத் தொழிலாளி தோற்றார். ஆனால் அவருடைய கேள்வி தோற்கவில்லை. 2010-ல் நாடாளுமன்றம் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தியது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேர்கிற விபத்து, வேலைக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமானால், வேலையில் நேர்ந்த விபத்தேதான் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. 1923 சட்டத்தின்கீழ் வருகிறவர்களுக்கும் அதே நியாயம் உண்டு என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1971-ல் கேட்கப்பட்ட கேள்விக்கு வந்து சேர்ந்த பதில் இது. இன்று சைக்கிளிலும் பஸ்ஸிலும் ஷிப்டுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, தங்களுக்கு முன்னால் ஒருவர் அந்த வழியில் விழுந்து கிடந்தார் என்று தெரியும்?

இ.எஸ்.ஐ.க்குள் எல்லோரும் வந்துவிடவில்லை. முதலில் மாதம் 400 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்குத்தான் இடம். 2017-ல் அந்த எல்லை 21,000 ஆயிற்று. அதற்கு மேல் வாங்குகிறவர்களும், சின்னப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களும் 1923 சட்டத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 2009-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது அதன் பெயரே மாறியது. 'வேலையாள்' என்று ஆணைக் குறித்த ஆங்கிலச் சொல் போய், ஆண் பெண் இருபாலாருக்கும் பொதுவான 'ஊழியர்' வந்தது. குமாஸ்தா வேலைக்காரர்களை விலக்கி வைத்திருந்த வார்த்தைகளும் நீக்கப்பட்டன. 'இதெல்லாம் ஆலைத் தொழிலாளிக்கு. நமக்கல்ல' என்று பேப்பரைப் புரட்டுகிற நம் போன்றவர்களையும் அது எட்டிப் பார்த்துவிட்டது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த இரண்டு சட்டங்களையும் தனக்குள் சேர்த்துக் கொண்டது. விரல்களின் அட்டவணை அதிலும் இருக்கிறது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று ஓர் உதாரணம் பார்ப்போம். முழு நிரந்தர ஊனமானால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். வயது ஏற ஏற அந்த எண் குறையும். 30 வயதுக்கு 207.98; 40 வயதுக்கு 184.17. மாதம் 10,000 ரூபாய் வாங்கும் 30 வயதுக்காரருக்கு முழு ஊனம் என்றால் 12,47,880 ரூபாய். அவருக்கு ஆள்காட்டி விரல் மட்டும் போனால், அதில் 14 சதவீதம்: ஏறக்குறைய 1,74,700 ரூபாய். இந்தக் கணக்கைப் பென்சிலை எடுத்து நாமே போட்டுவிடலாம். போடத் தெரியாதவர்களிடம்தான் 'பத்தாயிரம் தருகிறேன், இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடு' என்று பேரம் நடக்கிறது.

இத்தனை நூற்றாண்டுகள் நடந்து வந்து சட்டம் நம் வாசல்படி வரையில் வந்திருக்கிறது. கடைசி ஓர் அடியை அது தானாக எடுத்து வைக்காது. விபத்து நடந்த அன்றே பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதைப் பார்க்க வேண்டும். வைத்தியரிடம் 'வீட்டில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒப்பிக்காமல், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். கோரிக்கைக்கு வைத்திருக்கும் கெடுவைத் தவறவிடக் கூடாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதப்படும் அந்த ஒரு பொய்யான வரி, பிஸ்மார்க் முதல் அடார்க்கர் வரை எல்லோரும் சேர்ந்து கட்டிய கட்டிடத்தை ஒரு மனிதன் அளவுக்கு இடித்துத் தள்ளிவிடும்.

நம் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையிலும், தெருக்கோடி அச்சகத்திலும், மர அறுவை மில்லிலும் கட்டுப் போட்ட கையோடு யாராவது நின்று கொண்டிருக்கலாம். எப்படி ஆயிற்று என்று விசாரிப்பது நம் வழக்கம். இனிமேல் கூடவே இன்னொன்றும் விசாரிக்கலாம்: "எழுதி வைத்தார்களா, ஐயா?"

அந்தக் கேள்விக்கு அவர் விழித்தாரானால், உட்கார வைத்து, மேலே சொன்ன கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.